பழைய ஹாம் செட்டின் பவர் சப்ளையைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? பயாஸ் வோல்டேஜிலிருந்து ஆரம்பியுங்கள்

பரணிலிருந்து இறக்கிய ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செட்டைத் துடைத்த கையோடு பிளக்கில் சொருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது. வேண்டாம். பத்திருபது வருடம் கரண்டு பார்க்காத செட்டில் சுவிட்சைப் போட்ட முதல் அரை நிமிடத்தில்தான் டிரான்ஸ்பார்மரும் வால்வும் போகின்றன, அதுவரை பரணில் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

போன வருடம் குளச்சல் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு யேசு எஃப்டி-101 என் மேஜைக்கு வந்தது. (யேசு ஜப்பான் கம்பெனியின் பெயர். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் கூடவே ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கும்.) வெளியே பளபளவென்றுதான் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை ஓடுகள், டிரான்ஸ்பார்மர் மேலே ஒரு குளவிக்கூடு, செம்புக் கம்பி தெரிகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் உப்புக் காற்று எதையும் விடாது. அதோடு இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று வருடத்தில் பாதி நாள் ஈரம்தான். அதனால் வெளியூர்க்காரர்கள் "கண்டென்சரை மட்டும் மாற்றினால் போதும்" என்று எழுதுவதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதல் நாள் வேலை பெயிண்ட் பிரஷ், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பொறுமை, அவ்வளவுதான். சுவிட்ச், பியூஸ் ஹோல்டர், வால்வு சாக்கெட் மூன்றையும் துடைத்துவிட்டு இரண்டு நாள் வெயில் படாத, காற்று வருகிற இடத்தில் வையுங்கள்.

கையை உள்ளே விடுமுன் ஒரு விஷயம். எஃப்டி-101 மாதிரி வால்வு ஃபைனல் (ஆண்டெனாவுக்குப் பவர் கொடுக்கும் கடைசிக் கட்டம்) உள்ள செட்டில் வால்வின் பிளேட்டுக்குப் (பாசிட்டிவ் தகட்டுக்கு) போவது சுமார் 600 வோல்ட் டிசி. சில பழைய அமெரிக்க செட்டுகளில் 800 வரை போகும். இது வீட்டுக் கரண்டு ஷாக் மாதிரி உதறித் தள்ளிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. வீட்டில் இஎல்சிபி (கரண்டு லீக் ஆனால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, டிரிப் ஆகிவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு, ஏனென்றால் இந்த 600 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் தனியாக இருக்கிறது, அங்கே உங்கள் உடம்பு வழியாக எவ்வளவு கரண்டு ஓடினாலும் லைனில் இருக்கும் இஎல்சிபிக்கு அது தெரியவே தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். அதை இறக்குவதற்கென்றே ப்ளீடர் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் ஐம்பது வருடத்தில் அது ஓப்பன் ஆகியிருக்கலாம், நம்பக் கூடாது. 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நல்ல இன்சுலேஷன் உள்ள பிடியில் கட்டி, ஒரு முனையில் முதலைக் கிளிப்பைப் போட்டுச் சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) மாட்டுங்கள், மறுமுனையைக் கண்டென்சரில் ஐந்தாறு விநாடி பிடியுங்கள், பிறகு மீட்டரை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் பண்ணுகிற பழக்கம் டிவி மெக்கானிக்குகளிடம் உண்டு. பார்க்க வீரமாக இருக்கும், கண்டென்சருக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை. எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்த ஆசான் இரண்டு கையும் செட்டுக்குள் இருப்பதைப் பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பார்: "ஒரு கையப் பாக்கெட்டுல போடு மக்கா, நெஞ்சு வழியா போவாது."

சரி, எதை முதலில் மாற்றுவது? எல்லோரும் பெரிய கண்டென்சர்களைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் அவைதான் கண்ணில் படுகின்றன. நான் பயாஸ் சப்ளையிலிருந்து (வால்வின் கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் கொடுத்துக் கரண்டை அடக்கி வைப்பது) தொடங்குவேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கண்டென்சர் காய்ந்து போனால் ஆடியோவில் உம்ம்ம் என்று இரைச்சல் வரும், பவர் குறையும், நீங்கள் கவனித்து நிறுத்த நேரம் கிடைக்கும். பயாஸ் கண்டென்சர் போனால் என்ன ஆகும்? ஃபைனல் வால்வின் கிரிட்டுக்கு மைனஸ் வோல்டேஜ் போய்ச்சேராது, கட்டுப்பாடு இல்லாமல் பிளேட் கரண்டு ஏறும், பிளேட் செவசெவவென்று சிவந்து ஒரு நிமிடத்துக்குள் வால்வு போய்விடும். எஃப்டி-101-இல் இருப்பது 6ஜேஎஸ்6சி இரண்டு, கலர் டிவி காலத்து வால்வு, இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. பத்திருபது ரூபாய் கண்டென்சருக்காக அந்த ஜோடியைப் பறிகொடுப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று யோசித்துப் பாருங்கள்.

பயாஸ் சப்ளை மைனஸ் 100 வோல்ட் அளவில் இருக்கும், கண்டென்சரும் சின்னதுதான். 160 வோல்ட் அல்லது 200 வோல்ட் தாங்குவதாக, 105 டிகிரி என்று எழுதியதாக வாங்குங்கள். கவனம்: இங்கே சேசிஸில் போவது பாசிட்டிவ் கால். மற்ற எல்லாக் கண்டென்சரிலும் நெகட்டிவ்வைச் சேசிஸில் வைத்துப் பழகிய கை இதிலும் அப்படியே வைத்துவிடும். நான் வைத்தேன். சுவிட்சைப் போட்டு எண்ணிப் பத்து விநாடி, பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், அறை முழுக்கப் பஞ்சு மாதிரி காகிதம், அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: "எலே, என்னத்தல வெடிச்ச?" நல்லவேளை அன்று ஃபைனல் வால்வுகளைக் கழற்றி வைத்திருந்தேன். நீங்களும் கழற்றி வையுங்கள், பவர் சப்ளை வேலை முழுவதும் முடியும் வரை அவை பஞ்சில் சுற்றி டப்பாவில் இருக்கட்டும். பயாஸ் டயோடையும், பயாஸ் அட்ஜஸ்ட் பண்ணுகிற பிரீசெட்டையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். பிரீசெட்டைத் திருகும்போது மீட்டரில் வோல்டேஜ் துள்ளினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

அடுத்தது பெரிய கண்டென்சர்கள். இவற்றை வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) மெதுவாக வோல்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. மணிக்கணக்கில் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று ஏற்றினால் உள்ளே ஆக்சைடு படலம் மறுபடி உருவாகும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே காய்ந்துபோன எலக்ட்ரோலைட் திரும்பி வராது. மியூசியத்தில் வைக்கிற செட்டுக்குச் செய்யுங்கள், தினமும் 40 மீட்டர் பேண்டில் பேசுகிற செட்டுக்குப் புதிதாகப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. வேடிக்கை என்னவென்றால், கடையில் நாலைந்து வருடம் தூங்கிய 'புது' கண்டென்சருக்கும் கொஞ்சம் மெதுவான தொடக்கம் நல்லதுதான்.

எவ்வளவு மைக்ரோஃபாரட்? எளிய கணக்கு ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஃபுல் வேவ் ரெக்டிஃபை செய்தால் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒவ்வொரு 10 மில்லி விநாடிக்கும் ஒரு முறை கண்டென்சர் நிரம்புகிறது. 100 மைக்ரோஃபாரட்டிலிருந்து 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் அந்த இடைவெளியில் அதிகபட்சம் 10 வோல்ட் இறங்கும். கரண்டு இரண்டு மடங்கானால் ரிப்பிளும் இரண்டு மடங்கு, கண்டென்சர் இரண்டு மடங்கானால் ரிப்பிள் பாதி. அமெரிக்காவுக்காகச் செய்த செட்டுகள் 60 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தவை, அதே செட்டை இங்கே ஓட்டினால் அதே கண்டென்சரில் ரிப்பிள் 20 சதவீதம் கூடும். அதனால் பழைய மதிப்பைவிட கால்வாசி, அரைவாசி கூட்டிப் போடுவதில் நியாயம் இருக்கிறது. இடம் இருக்கிறதே என்று நான்கு மடங்கு போடாதீர்கள், சுவிட்ச் போடும் கணத்தில் அத்தனையையும் நிரப்ப டயோடும் டிரான்ஸ்பார்மரும்தான் கஷ்டப்படும்.

600 வோல்ட் தாங்கும் எலக்ட்ரோலிடிக் தேடி அலைய வேண்டாம். 450 வோல்ட் கண்டென்சர் இரண்டைச் சீரீஸில் போடுவதுதான் வழக்கம், அப்போது கப்பாசிட்டி பாதியாகும் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். லீக்கேஜ் வித்தியாசத்தால் ஒன்று 400 வோல்ட்டையும் மற்றது 200-ஐயும் எடுத்துக்கொள்ளாமல் சமமாகப் பங்கிட வைப்பது அதுதான், ப்ளீடர் வேலையையும் பார்த்துக்கொள்ளும். 300 வோல்ட்டில் அதில் 0.9 வாட் சூடு வரும், ஆகவே 3 வாட் மெட்டல் ஆக்சைடு போடுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டரை அளந்தால் 100 கிலோ என்று எழுதியிருப்பது 150 காட்டும், அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

450 வோல்ட் கண்டென்சர் நாகர்கோவிலிலேயே கிடைக்கும், எஸ்எம்பிஎஸ்-இலும் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) இன்வெர்ட்டரிலும் அதே ரகம்தான் போடுகிறார்கள். இல்லையென்றால் திருவனந்தபுரம், அதுவும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. பழைய கண்டென்சருக்குப் புது உறை மாட்டி விற்கும் வேலையும் நடக்கிறது. கையில் எடுத்தால் காற்று மாதிரி எடையில்லாமல் இருப்பதையும், காலில் பழைய ஈயத்தின் தடம் இருப்பதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் முன்னாலேயே மீட்டரில் கப்பாசிட்டி பார்த்தால் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

பழைய செட்டில் ஒரே அலுமினிய டப்பாவுக்குள் மூன்று நான்கு கண்டென்சர் இருக்கும். அதைப் பிடுங்கி எறிந்தால் சேசிஸில் பெரிய ஓட்டை தெரியும், அசிங்கம். டப்பா அங்கேயே நிற்கட்டும், அடியில் வருகிற கம்பிகளை மட்டும் அறுத்து, பக்கத்தில் ஒரு டேக் ஸ்ட்ரிப் வைத்து அதில் புதிய கண்டென்சர்களைக் கட்டுங்கள். பழையதன் கால்களிலேயே புதியதைப் பேரலலாகச் சால்டர் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், பழையது லீக் ஆகிச் சூடாகி ஷார்ட் ஆகும்போது புதியதையும் கூட்டிக்கொண்டு போகும். பவர் ரெசிஸ்டருக்கும் வால்வுக்கும் தள்ளி வையுங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலிடிக்கின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு.

இனி டயோடு. 1970-களின் செட்டில் சிலிக்கான் டயோடே இருந்தால் 1என்4007 அல்லது 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 போட்டுவிட்டு நகரலாம். சென்டர் டேப் (செகண்டரியின் நடுவில் கம்பி எடுத்த) ரெக்டிஃபயரில் மட்டும் ரிவர்ஸ் வோல்டேஜைக் கணக்குப் போடுங்கள்: 300-0-300 என்றால் ஒரு டயோடு தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 850 வோல்ட், 1000 வோல்ட் டயோடுக்கு அது இறுக்கமான கணக்கு, ஒரே பட்டையில் வந்த இரண்டைச் சீரீஸில் போடுவது உத்தமம்.

அதைவிடப் பழைய செட்டில் தட்டுத் தட்டாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் இருக்கும். அதை வைத்திருக்காதீர்கள். வயதாக ஆக அதன் உள் தடை கூடும், கடைசியில் எரிந்தால் வருகிற நாற்றம் விஷம், அழுகிய முள்ளங்கி நாற்றம் என்பார்கள். சிலிக்கான் போட்டால் வோல்டேஜ் ஏறிவிடும், அதனால் சீரீஸில் ஒரு வயர்வுண்ட் ரெசிஸ்டர் போட்டு, சர்க்யூட் படத்தில் எழுதிய வோல்டேஜ் வரும்வரை மதிப்பை மாற்றிப் பாருங்கள்.

வால்வு ரெக்டிஃபயர் கதை வேறு. 5யு4 ஒன்றைப் பிடுங்கிவிட்டு டயோடு போட்டால் நாற்பது வோல்ட்டுக்கு மேல் ஏறும். அதைவிட மோசம், வால்வு சூடாகி மெல்லக் கொடுத்த வோல்டேஜ் இப்போது சுவிட்ச் போட்ட கணமே முழுதாக வந்து நிற்கும், அப்போது மற்ற வால்வுகள் இன்னும் சூடாகாததால் லோடே இருக்காது, கண்டென்சர் தன் வரம்பைத் தாண்டிப் போகும். வால்வு நன்றாக இருந்தால் இருக்கட்டும் என்பேன். அப்படி வைத்துக்கொண்டால் முதல் ஃபில்டர் கண்டென்சரைப் பெரிதாக்காதீர்கள், 5ஒய்3 சுமார் 20 மைக்ரோஃபாரட்டுக்கும் 5யு4ஜிபி சுமார் 40-க்கும் மேல் தாங்காது. கூட்ட வேண்டுமென்றால் சோக்குக்கு (ஃபில்டர் காயிலுக்கு) அப்பால் இருக்கும் இரண்டாவது கண்டென்சரைக் கூட்டுங்கள்.

லைன் பக்கம் வருவோம். எஃப்டி-101 டிரான்ஸ்பார்மரில் 100, 110, 117, 200, 220, 234 என்று டேப்புகள் உண்டு. எதில் கட்டியிருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகியவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் இரவு பதினோரு மணிக்கு மேல் 245, 248 என்று காட்டும், அதனால் 220-ஐ மறந்துவிட்டு 234-இல் கட்டுங்கள். 117 வோல்ட் மட்டும் எடுக்கும் அமெரிக்க செட் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் ரகம் விலை குறைவு, ஆனால் பிளக்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் ஆபத்து, ஐசோலேஷன் ரகமாகவே வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமென்று செய்த டிரான்ஸ்பார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்து சூடாகி உறுமும், முழு 117-ஐயும் கொடுக்காமல் குறைத்துக் கொடுப்பது நல்லது. கோரை நிம்மதியாக வைக்க 98 வோல்ட் அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவு இறக்கினால் ஹீட்டரும் எச்டியும் (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) குறைந்துவிடும், ஆகவே 105, 110 என்று நடுவில் ஓரிடம் பார்த்து நிறுத்துங்கள்.

இரண்டு பின் வயரைக் கழற்றிவிட்டு மூன்று பின் வயர் போட்டு எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். பியூஸ் பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். லைனிலிருந்து சேசிஸுக்குப் போகும் பழைய காகிதக் கண்டென்சரை அறுத்துவிட்டு ஒய்2 (லைனுக்கும் சேசிஸுக்கும் இடையில் போடும் பாதுகாப்பான ரகம்) என்று எழுதிய 4.7 நானோஃபாரட் போடுங்கள், செட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் காகிதம்தான். லைனில் ஒரு 10 ஓம் என்டிசி (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) வைத்தால் தொடக்க அதிர்ச்சி குறையும், அது நன்றாகச் சூடாகும், ஆகவே வயரில் படாமல் வையுங்கள். எம்ஓவி (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை அடக்கும் சாமான்) போடலாம், ஆனால் ஐப்பசி சாயங்காலத்தில் இடி உறுமத் தொடங்கினால் எம்ஓவியை நம்பாமல் பிளக்கையும் ஆண்டெனாவையும் பிடுங்கிவிடுங்கள்.

புதுப்பிக்கும் உற்சாகத்தில் ஒன்றை மட்டும் பிய்த்தெறியாதீர்கள். எஃப்டி-101-இன் பல மாடல்களில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதற்கான கன்வெர்ட்டர் உள்ளேயே இருக்கிறது. "யார் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள்" என்று கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்துப் போட்ட பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்மிட்டில் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் குடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்க மட்டும் செய்தால் அரை ஆம்பியர் போதும், ரிசீவர் முழுவதும் டிரான்சிஸ்டர். அந்தக் கன்வெர்ட்டரின் கண்டென்சர்களையும் இதே மூச்சில் மாற்றிவிடுங்கள்.

பேட்டரிக்குப் பதில் 13.8 வோல்ட் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 723 ரெகுலேட்டர் ஐசியும் 2என்3055 டிரான்சிஸ்டர் வரிசையும் வைத்த பழைய லீனியர் சப்ளை இன்னும் நல்ல சாமான்தான், ஆனால் ஒரு பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கிற 20 வோல்ட்டுக்கு மேலானது அப்படியே செட்டுக்குள் போகும். 15 வோல்ட்டைத் தாண்டியதும் எஸ்சிஆர் ஒன்று அவுட்புட்டை ஷார்ட் செய்து பியூஸை எரிக்கிற குரோபார் இல்லையென்றால் வேறு எதையும் தொடுமுன் அதைக் கட்டுங்கள். காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆன ஹீட்சிங்க் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள். எல்இடி போர்டுக்காரர்கள் வாங்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸும் வேலைக்காகும், பலவற்றில் ஓரத்துத் திருகாணியைத் திருப்பினால் 13.8 வரை ஏறும். வாங்குமுன் ஒரு சோதனை: செட்டைப் பேட்டரியில் ஓட்டி 7 மெகாஹெர்ட்ஸில் எஸ் மீட்டரை (சிக்னல் வலுவைக் காட்டும் மீட்டர்) பாருங்கள், பக்கத்தில் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை சும்மா ஆன் செய்யுங்கள். ஊசி எழும்பி நின்றால் வேறு பீஸ் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததா? இனி சீரீஸ் போர்டு. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸில் போட்டு, ஃபைனல் வால்வு இல்லாமல், ஹீட்டர் ஆஃபில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, கண்டென்சர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டு, அணைத்து, சார்ஜை இறக்கி, கண்டென்சர்களைத் தொட்டுப் பாருங்கள், எதுவும் சூடாக இருக்கக் கூடாது. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்து பயாஸை அளந்து பாருங்கள். மைனஸ் 100 பக்கத்தில் ஆடாமல் நின்றால்தான் மற்றதெல்லாம். ஃபைனல்களைச் சொருகி, டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) மாட்டி, டிரைவ் இல்லாமல் எஸ்எஸ்பியில் (குரல் பேசும் முறை) டிரான்ஸ்மிட்டில் போட்டு, பயாஸ் பிரீசெட்டைத் திருகிப் பிளேட் கரண்டை 60 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பாருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு மட்டும் தெரிய வேண்டும், பிளேட்டில் செம்மை தெரிந்தால் கையை எடுங்கள்.

எச்டி, 160 வோல்ட் சப்ளை, பயாஸ் மூன்றின் அளவையும் தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். குளச்சல் செட்டின் மூடிக்குள் நான் ஒட்டியதில் கடைசி வரி இது: "பயாஸ் கண்டென்சர், பாசிட்டிவ் சேசிஸில்." பல்லி நுழைகிற ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டும் ஒட்டினேன், காற்று போகும், அது வராது.